வண்டி குடித்த காவேரி

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் தெரிந்தது தண்ணீர் இல்லை, கொக்குகள். வாய்க்காலின் வறண்ட தரையில் ஏழெட்டுக் கொக்குகள் எங்களை நோக்கி நடந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் அரை முழ உயரத்துக்குப் பழுப்பு நிற நுரை. நுரையின் மேல் சருகு, வைக்கோல், ஒற்றைச் செருப்பு, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். வெடிப்புகளுக்குள் இருந்த பூச்சிகள் நுரைக்குப் பயந்து வெளியே ஓடிவர, கொக்குகள் அவசரமில்லாமல் அவற்றைக் கொத்திக்கொண்டே வந்தன. தண்ணீர் அதற்கும் பின்னால்தான் இருந்தது.

அணையைத் தாமதமாகத் திறந்த ஆண்டு அது. குடவாசலுக்கு மேற்கே இருந்த எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தபோது ஆவணி முடியும் தறுவாயில் இருந்தது. முந்தைய ஆண்டு அது சரியாக வரவே இல்லை. எனக்கு ஒன்பது வயது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிப் பார்த்திருக்கிறேன், வந்து பார்த்ததில்லை. மண் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் அது இறங்கி, குமிழ் விட்டு, நிரம்பி, அடுத்த வெடிப்புக்குப் போனது. ஊரில் பாதிப் பேர் மதகடியில் நின்றிருந்தார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன்.

அப்பாவின் தம்பியான என் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பித்தளைச் சொம்பில் மொண்டார். முதல் தண்ணீரைக் கொண்டுபோய் வாசலில், மாட்டின் மேல், விதைநெல் மூட்டையின் மேல் தெளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதன் மேலும் தெளிப்பார்கள். எங்களிடம் டிராக்டர் இல்லை. சித்தப்பாவின் கார் இருந்தது.

அவர் எட்டு வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு வந்தவர். திரும்பிப் போகாமல் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அதைப் பற்றி வீட்டில் அப்பா சொல்வது ஒரே வாக்கியம்தான்: "வண்டி ஓடுனா இவன் ஊர்ல இருப்பான், ஓடலன்னா போயிடுவான்." எனக்கு இது புரிந்ததே இல்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. சாவியைத் திருப்பினால் ஒரே உறுமலில் கிளம்பியது.

சித்தப்பா நான்கு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்தார். பானட்டின் மேல் தெளித்தார். சொம்பில் இன்னும் முக்கால்வாசி இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பானட்டைத் தூக்கினார். உள்ளே ஓர் ஓரத்தில் நீல மூடி ஒன்று. அதன் மேல் கண்ணாடியும் அதில் தண்ணீர் பீய்ச்சுவதும் படமாகப் போட்டிருந்தது. வைப்பருக்கான தண்ணீர்த் தொட்டி.

"வண்டியும் ஒரு வாய் குடிக்கட்டுமே" என்றார்.

வாழை இலைத் துண்டைப் புனல்போலச் சுருட்டி நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஊற்றினார். தொட்டி அநேகமாகக் காலி. இன்னும் இரண்டு சொம்பு கொண்டுவந்து நிரப்பினார். காபி நிறத்தில், சருகுத் துணுக்குகளோடு அது உள்ளே போயிற்று. வடிகட்ட எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மூடியை அழுத்திவிட்டு அவர் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன்.

பதினைந்து நாளில் வண்டி நாறத் தொடங்கியது.

அது ஒரு விசித்திரமான நாற்றம். குட்டையில் ஊறிய சாக்கை எடுத்து வெயிலில் உதறினால் வருமே, அதில் கொஞ்சம் அழுகிய முட்டையும் சேர்ந்தது. எப்போதும் இருக்காது. நாலு கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது; திடீரென்று முகத்தில் அறையும்; இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடும். சித்தப்பா மிதியடிகளைக் கழுவி வெயிலில் போட்டார். செத்த எலியைத் தேடி டிக்கியைக் கவிழ்க்காத குறையாகப் புரட்டினார். குடவாசல் மெக்கானிக் ஏசியைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தார். நாற்றம் அசையவில்லை. பிறகு ரசகற்பூரம், ஜவ்வாது, சாம்பிராணி, கடைசியில் கண்ணாடிக்கு மேல் இரண்டு முழம் மல்லிகை.

அப்பா ஒரு சுற்று உட்கார்ந்து போய்விட்டு இறங்கினார். "முன்ன சாக்கடையா இருந்துச்சு. இப்ப சாக்கடைக்குப் பூ வச்சு விட்டிருக்க" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, நாகப்பட்டினம் சவாரி ஏதாவது போனாயா, யாராவது கருவாடு ஏற்றினார்களா என்று கேட்டார். அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. சித்தப்பா அன்று இரவு சாப்பிட மறுத்துவிட்டார்.

எனக்கு அந்த வண்டியில் ஓர் உத்தியோகம் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போனவர். திங்களும் வியாழனும் சித்தப்பா அவரைக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போய், டயாலிசிஸ் முடியும்வரை காத்திருந்து கூட்டிவருவார். நிலையாக வந்துகொண்டிருந்த சவாரி அது ஒன்றுதான். காலாண்டு விடுமுறையில் நானும் போனேன். டீச்சருக்குக் கண் மங்கிவிட்டதால் போகிற வழியில் நாளிதழை நான் உரக்கப் படிக்க வேண்டும். தப்பாகப் படித்தால் பழைய பழக்கத்தில் விரலால் இருக்கையைத் தட்டுவார். உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு மெஷினில் கழுவி, மறுபடி உள்ளே விடுகிறார்கள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அன்று முழுவதும் நான் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை போகும்போது இரண்டு தடவை நாற்றம் வந்தது. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். திரும்பும்போது, சிகிச்சை முடிந்து வாடிப்போயிருந்த நேரத்தில், மறுபடியும் வந்தது. பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தார். வீட்டு வாசலில் இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபின் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. எனக்கு உடம்பு ஏற்கெனவே இப்படிக் கெடக்கு. வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

சித்தப்பா அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கும்பகோணம் போனார். மதியம் ஒரு பழுப்புக் கவரோடு வந்தார். காரின் டாஷ்போர்டில் இருந்த முன்பக்கப் பெட்டியைத் திறந்து அதை உள்ளே வைப்பதைப் பார்த்தேன். வண்டிக்கு மருந்து வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இதற்கெல்லாம் நடுவில் சித்தியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சித்திக்கு உடம்பு சரியில்லை, வாய்க் கசப்பு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். தாளிக்கும் வாசம் வந்தால் கொல்லைக்கு ஓடுவார். காரின் பக்கமே போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியவில்லை. சித்தியின் மூக்கு அந்த நாட்களில் வேறொன்றாக மாறியிருந்தது. கூடத்தில் படுத்தபடியே, மூன்றாம் வீட்டில் பால் அடிபிடிக்கிறது என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் பிடித்திருக்கும். நான் பள்ளியிலிருந்து வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்த பெண் தேங்காய்ச் சோறு கொண்டுவந்தாளா என்று கேட்பார். சாமி வந்தவர்களிடம் குறி கேட்பதுபோல நான் அவரிடம் பொருட்களைக் கொண்டுபோய் நீட்டுவேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சித்தி எழுந்து வந்து காரின் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பூவ எல்லாம் கழட்டுங்க. சாம்பிராணி, கற்பூரம், எதுவும் உள்ள இருக்கக் கூடாது" என்றார். சித்தப்பா மறுத்துப் பார்த்தார். சித்தி அவரைப் பார்க்காமல் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூ வெளியே வந்தது. ஒரு மணி நேரம் நான்கு கதவையும் திறந்துபோட்டுக் காத்திருந்தோம்.

அதன் பிறகு நடந்ததை நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். சித்தி ஒவ்வொரு இடமாகக் குனிந்தார். இருக்கையின் தையல், பெல்ட், கால் வைக்கும் இடம், டிக்கி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நொடி. பிறகு தலை ஒரு பக்கமாக அசையும். அந்த இடம் விடுதலை. முன்பக்கப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு துடைக்கும் துணி, டார்ச், பழுப்புக் கவர். துணியை முகர்ந்தார். கவரை எடுத்தார். அதன் வாய் ஒட்டியிருக்கவில்லை. உள்ளே இருந்த தாளைப் பாதி இழுத்துப் பார்த்தார். மற்ற இடங்களில் ஒரு நொடி நின்றவர், அதில் வெகுநேரம் நின்றார். சித்தப்பா அப்போது கிணற்றடியில் மிதியடி கழுவிக்கொண்டிருந்தார்.

"அதுலயா சித்தி?" என்று கேட்டேன்.

"இதுல இல்ல" என்றார். தாளை உள்ளே தள்ளிப் பெட்டியை மூடினார். காகிதத்தைக்கூட விடாமல் சோதிக்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

பிறகு சித்தப்பாவை அழைத்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். தான் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால். கண்ணாடிகளை ஏற்றியாயிற்று.

"நீங்க ரோட்டுல என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு ஒண்ணா செய்ங்க. நான் சொல்ற வரைக்கும் அடுத்ததுக்குப் போகக் கூடாது."

இஞ்சினைப் போட்டார். ஒன்றும் இல்லை. விசிறி. ஏசி. ஹாரன்கூட அடிக்கச் சொன்னார். தெருவில் போன ஆடு நின்று பார்த்தது. முன்விளக்கு. வைப்பர், வறட்டுக் கண்ணாடியில் கிரீச்சிட்டுக்கொண்டு போய் வந்தது. ஒன்றும் இல்லை. சித்தப்பா கையை எடுத்துவிட்டார்.

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? கண்ணாடி அழுக்கானா?"

"தண்ணி அடிப்பேன்."

"அடிங்க."

அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த குச்சியைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு கோடாகத் தண்ணீர் எழும்பிக் கண்ணாடியில் விழுந்தது. வைப்பர் அதை வழித்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு எண்ணுவதற்குள் சித்தி கதவைத் திறந்துகொண்டு ஓடித் தென்னை மரத்தடியில் வாந்தி எடுத்தார். எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கதான்" என்றார்.

கண்ணாடியில் விழுந்த தண்ணீரின் ஆவியை, கண்ணாடியின் அடியில் இருந்த துளைகள் வழியாக விசிறி உள்ளே இழுத்திருக்கிறது. அழுக்குக் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிப்பது சித்தப்பாவின் கைக்குப் பழகிய வேலை. கை செய்ததையும் மூக்குக்கு வந்ததையும் அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"அதுல என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார் சித்தி.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இத்தனை நாள் எலி, கருவாடு, ஏசி என்று தேடிய எங்கள் இருவருக்கும் தெரியும் அதில் என்ன இருக்கிறது என்று. அது நாறும் என்பது மட்டும் எங்கள் மனதில் ஏறவே இல்லை.

"காவேரி" என்றார் அவர், மெதுவாக.

சித்தி பேராவூரணிப் பக்கத்துப் பெண். கல்லணைக் கால்வாயின் கடைசியில் இருக்கும் தென்னந்தோப்பு ஊர். அங்கே வந்து சேர்கிற காவேரி எங்கள் காவேரி மாதிரி இருக்காது என்று அடிக்கடி சொல்வார். எங்க ஊருக்குத் தண்ணி வராது, தண்ணி வந்த கதைதான் வரும் என்பார். அவரால்தான் அடுத்ததைச் சொல்ல முடிந்தது.

"ஓடுனாத்தாங்க அது காவேரி. டப்பாவுல அடைச்சு இஞ்சின் சூட்டுல வச்சா ஊறல் தண்ணி."

சித்தப்பா காருக்கு அடியில் படுத்தார். தொட்டியின் கீழே இருந்த சின்ன மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயை உருவினார். வாளியில் விழுந்தது தண்ணீர்போலவே இல்லை. பாசிப் பச்சையும் கறுப்புமாக, நூல்நூலாகக் கொழகொழத்து இறங்கியது. கடைசியில் கறுத்த சருகுகளும், அவற்றோடு விரல் நகத்தளவு ஒரு நத்தைக்கூடும் வந்தன. அதை நான் குச்சியால் எடுத்துக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். எந்த ஊரில் ஏறி, எத்தனை மதகு தாண்டி, எங்கள் வாய்க்காலுக்கு வந்து, சொம்பில் ஏறி, வாழை இலை வழியாகக் காருக்குள் போய், திங்களும் வியாழனும் கும்பகோணம் போய்வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் பயணம் செய்த எதையும் நான் அதற்கு முன் தொட்டதில்லை.

வாளியைச் சாக்கடையில் கவிழ்க்க அப்பா கை நீட்டினார். சித்தப்பா விடவில்லை. தானே தூக்கிப்போய் நாற்றங்காலின் வரப்போரத்தில் ஊற்றிவிட்டு வந்தார்.

குடவாசலில் தள்ளுவண்டியில் ஃப்ரைட் ரைஸ் போடுகிறவரிடம் வினிகர் இருக்கும் என்பது சித்தியின் யோசனை. அரை பாட்டில் வந்தது. வெந்நீரில் கலந்து தொட்டியை நிரப்பி, அரை மணி நேரம் ஊறவைத்து, மோட்டாரைப் போட்டுக் குழாய் வழியாக வெளியேற்றினார்கள். மூன்று தடவை. முதல் தடவை சேறு, இரண்டாவது தடவை தேநீர், மூன்றாவது தடவை தண்ணீர். கண்ணாடிக்குக் கீழே இருந்த கருப்புச் சட்டத்தின் இடுக்கில் மக்கிக் கிடந்த வேப்பிலைகளைச் சித்தப்பா விரலால் தோண்டி எடுத்தார். பிறகு குழாயை மாட்டிப் பார்த்தால் தண்ணீர் ஒரு பக்கம்தான் பீய்ச்சியது. கிளம்பி வந்த பாசி இன்னொரு துளையை அடைத்திருந்தது.

சித்தி தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். அந்தத் துளையில் குத்தி, சுழற்றி, எடுத்தார். அதன் நுனியில் கடுகளவு பாசி.

"இப்ப அடிங்க."

இரண்டு வளைவுகளும் சமமாக எழும்பின. பகல் வெயில் நேர் மேலே இருந்தது. அந்தத் தூறலுக்குள் ஒரு வானவில், ஒரு சாண் நீளம், வந்துவிட்டுப் போயிற்று. ஊறுகாய் வாசம் கொஞ்சம் இருந்தது. அதுவும் போனபின், சித்தி கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை இழுத்தார். நாங்கள் காத்திருந்தோம். தலை ஒரு பக்கமாக அசைந்தது. விடுதலை.

தொட்டியில் கேன் தண்ணீரை ஊற்றி மூடினார்கள். சித்தப்பா வாளி கழுவப் போனார். சித்தி ஊக்கை முந்தானையில் துடைத்தார். அதைத் தாலிக்கொடியில் மாட்டவில்லை. முன் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். பெட்டி திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. கடைசியாக ஒரு முறை முகர்ந்து பார்க்கிறார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை டீச்சர் ஏறினார். ஏறும்போதே முந்தானை கையில் தயாராக இருந்தது. போகும்போது கண்ணாடி அழுக்காகவில்லை. நான் முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம்வரை படித்தேன். திரும்பும்போது அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நாச்சியார்கோவில் தாண்டி, சேறடித்த வயலிலிருந்து ஒரு டிராக்டர் ரோட்டில் ஏறி எங்களுக்கு முன்னால் போனது. இரும்புச் சக்கரத்திலிருந்து சேறு பறந்து கண்ணாடியில் அப்பியது. எதிரே ஒன்றும் தெரியவில்லை.

சித்தப்பாவின் கை குச்சிக்குப் போய் நின்றது. பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு இழுத்தார்.

தண்ணீர் அடித்தது. வைப்பர் வழித்தது. நான் எண்ணினேன். நான்கு தாண்டியது. பத்து தாண்டியது. டீச்சர் கண் திறக்காமல் கேட்டார்.

"மழையா தம்பி?"

"இல்லைங்க டீச்சர். கண்ணாடி கழுவுனேன்."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "திங்கக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. முதல் ஆளாப் போயிடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றிக் கல்லணைக்கு அழைத்துப் போனார். மதகுகளின் வழியே இறங்கும் தண்ணீரின் இரைச்சலில் யார் பேசுவதும் கேட்கவில்லை. அங்கே எடுத்த படம் ஒன்று இருக்கிறது. சித்தி பானட்டில் சாய்ந்து நிற்கிறார், சித்தப்பா கொஞ்சம் தள்ளி, நடுவில் நான், கை மூடியிருக்கிறது, அதற்குள் நத்தைக்கூடு. படத்தின் வலது மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி விழுந்திருக்கிறது. மாசி மாதம் சித்திக்குப் பெண் பிறந்தாள், எனக்குத் தங்கை.

போன ஆண்டு அந்தக் காரை விற்றார்கள். இப்போது சித்தப்பாவிடம் இரண்டு வண்டி ஓடுகிறது. விற்பதற்கு முன் காரைக் காலி செய்துகொடுத்தது நான். முன்பக்கப் பெட்டியில், பழைய காகிதங்களுக்கு அடியில், பழுப்புக் கவர் இருந்தது. அதன் வாயை மடித்து ஓர் ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கு துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது. உள்ளே சித்தப்பா பெயரில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு விமானச் சீட்டு. பயண நாளும், கல்லணைப் படத்தின் மூலையில் இருக்கும் நாளும் ஒன்று.